சரோஜா அக்காவின் மெஷினும் அதிலிருந்த துணியும்

போலீஸ் பிடித்து வைத்திருக்கும் பொருளை, குற்றத்தில் சம்பந்தமே இல்லாத சொந்தக்காரருக்கு மீட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். அதில் முக்கால்வாசி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. தொண்ணூறுகளில் மலாக்காவில் ஒரு வக்கீல் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். பட்டியல் தட்டச்சு செய்வதும், சொந்தக்காரரைப் போலீஸ் ஸ்டோருக்கு அழைத்துப் போவதும் என் பொறுப்பு. சைக்கிளையோ காரையோ இரவல் கொடுத்துவிட்டு, ‘நான் என்ன தப்பு செய்தேன்?’ என்று அதே பெஞ்சில் காத்திருந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மணி அடிக்காத சைக்கிள்

தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் ஒருவர், கடையில் வேலை செய்தவனுக்குச் சைக்கிளை இரவல் கொடுத்தார். அவன் அதில் போய் ஒரு வீட்டில் திருடி மாட்டிக்கொண்டான். அவனோடு சைக்கிளும் பிடிபட்டது.

ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, சொந்தக்காரருக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டோரைக் கவனித்துக்கொண்ட கார்ப்பரல் காசிம் அதை எழுதிக்கொண்ட பிறகுதான் கதவு திறக்கும். பாய் யோசிக்காமல், “மணி அடிக்காது. பத்து வருஷமா அடிக்காது” என்றார்.

ஜன்னல் இல்லாத நீண்ட அறை. எல்லாப் பொருள்களிலும் பழுப்பு அட்டை கட்டித் தொங்கியது. நாங்கள் உள்ளே இரண்டடி வைத்திருப்போம், அறையின் கடைசியிலிருந்து ஒரு சைக்கிள் மணி ஒரே ஒரு முறை தெளிவாக அடித்தது. அங்கே யாரும் இல்லை. சைக்கிளின் இரும்புச் சட்டத்தில் பொறித்த எண் சரியாக இருந்தது. சீட்டில் பாய் போட்ட ஒட்டுகூட இருந்தது. கார்ப்பரல் பேனாவை நீட்டினார். பாய் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நம்பர் என்னோடதுதான்லா. சைக்கிள் என்னோடது இல்லை.”

முன்னறைப் பெண்

செங் என்ற ஊரிலிருந்து வந்தவர் சரோஜா அக்கா. கணவர் இல்லை, பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவர். வீட்டின் முன்னறையை மாலதி என்ற தொழிற்சாலைப் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தீபாவளிக்கு ரப்பர் தோட்டத்து வீட்டுக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு மஞ்சள் ரவிக்கை தைத்துக்கொண்டு போக வேண்டும் என்று மாலதி கேட்டாள். அக்கா தன் கால் மெஷினையே அவள் அறைக்குத் தள்ளிவிட்டார். மறுநாள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. நான்காம் நாள் செம்பனைக் காட்டுக் கால்வாயில் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். அவளோடு பழகியவன் ஒருவன் பிடிபட்டான். போலீஸ் அவள் அறையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துப் போனது, ஊசிக்கடியில் பாதி தைத்த ரவிக்கையோடு மெஷினையும் சேர்த்து.

பள்ளி திறக்க ஆறு வாரம்தான் இருந்தது. அந்த ஒரு மெஷின்தான் அக்காவின் சோறு. ஸ்டோர் வாசலில் கார்ப்பரல் அடையாளம் கேட்டார்.

“மிதிக்கிற பலகையில இடது மூலை உடைஞ்சிருக்கும். ஊசியில மாட்டியிருக்கிற துணி மட்டும் என்னோடது இல்லை தம்பி, அதை அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடுங்க.”

ஒரே வரி

தவறு செய்தது நான்தான். பட்டியலில் ஒரு வரி என்றால் ஒரு பொருள். நானோ, ‘தையல் மெஷின் ஒன்று, ஊசியில் உள்ள ரவிக்கையுடன்’ என்று ஒரே வரியில் தட்டச்சு செய்துவிட்டேன். மாஜிஸ்திரேட் அந்த வரியை அப்படியே உத்தரவில் எடுத்துக்கொண்டார். ரவிக்கை மெஷினின் ஓர் உறுப்பாகிவிட்டது. வழக்கு முடியும்வரை எதையும் மாற்றாமல் வைத்திருந்து, கேட்கும்போது கொண்டுவர வேண்டும். மாற்றினால் மெஷின் பறிபோகும். இதை நான் வாசித்துக் காட்ட, அக்கா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போனதும் துணியை எடுத்து வைத்துவிட்டுத் தைப்பார் என்று நினைத்தேன்.

ஒப்படைக்கும்போது என் அடிக்கோலால் ரவிக்கையின் தையலை அளந்தேன். இடது கை முழுவதும் தைத்து முடிந்திருந்தது. வலது கை இரண்டு அங்குலம். போலீஸ் எடுத்த படத்திலும் அதே இரண்டு அங்குலம். மெஷினைத் தூக்குவதற்காகச் சக்கரத்தின் தோல் வாரைக் கழற்றி, உறையில் போட்டு, அரக்கு வைத்து முத்திரையிட்டு, மெஷினிலேயே கட்டியிருந்தார்கள். வார் இல்லாமல் எவ்வளவு மிதித்தாலும் ஊசி அசையாது. கார்ப்பரல் லாரி வரைக்கும் கூடவே வந்து, என் காதருகே சொன்னார்.

“சீக்கிரம் கொண்டு போங்க கிராணி. மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தா, உள்ளே யாரோ தைக்கிறாங்க.”

செங் வீட்டில்

ஒரு மாதம் கழித்து வேறொரு கையெழுத்துக்காகச் செங்குக்குப் போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து பள்ளிச் சட்டைகளைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தது. மெஷின் முன்னறையில் பழைய சேலையால் மூடியிருந்தது. “துணியை எடுத்துட்டு, வேற வார் போட்டுத் தைக்கலாமே அக்கா?” என்றேன்.

“கையெழுத்துப் போட்டிருக்கேன்லா. அப்படியே வெக்கணும்னு நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க.”

சேலையை விலக்கி அளந்தேன். ஐந்தே கால் அங்குலம். திரும்ப அளந்தேன், அதே ஐந்தே கால். உறையின் முத்திரை உடையவில்லை. கைச்சக்கரத்தின் மேல் தூசி படிந்திருந்தது. அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை. தையல் மட்டும் கோணாமல் போயிருந்தது. அந்த ஒரே வரியைப் பிரிக்கச் சொல்லி நான் திருத்த மனு போட்டால் இன்ஸ்பெக்டர் அளக்க வருவார். வந்தால் அக்காவின் மெஷின் போய்விடும். எனவே போடவில்லை. “நீங்க தைச்சீங்களா அக்கா?” என்று மட்டும் கேட்டேன். அவர் கையிலிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் தைக்கலை தம்பி. மஞ்சள் நூல் தீர்ந்து போயிருந்துச்சு, என்கிட்ட இருந்த வெள்ளைக் கண்டைப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.”

அம்மா சொன்ன அடையாளம்

அடுத்த தீபாவளிக்கு முன் வழக்கு விசாரணைக்கு வந்தது. மெஷினை லாரியில் ஏற்றி, நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். மேலே சேலை மூடியிருந்தது. நான் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வலது கை முழுவதும் முடிந்திருந்தது. ஐந்தே கால் அங்குலம் மஞ்சள் நூல். மீதி சுற்று முழுக்க வெள்ளை. முத்திரை அப்படியே இருந்தது. பின்வரிசையில் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரின் கோப்பில் இரண்டு அங்குலம் காட்டும் அந்தப் படம் இருந்தது.

மாலதியின் அம்மாவைக் கூப்பிட்டார்கள். பால்வெட்டுத் தொழிலாளி, மலாக்காவுக்கு வருவதே அபூர்வம். அன்று காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். சேலையை விலக்குவதற்கு முன், துணிக்கு ஏதாவது அடையாளம் தெரியுமா என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார்.

“வலது கை பாதியிலேருந்து வெள்ளை நூலா இருக்கும் ஐயா” என்றார் அந்த அம்மா.

சேலையை விலக்கினார்கள். இன்ஸ்பெக்டர் துணியைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாட்சி சொன்ன அடையாளம் பொருளோடு பொருந்தியது. படத்தோடு பொருந்தாதது பொருள்தான் என்பதை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படத்தைக் கோப்பின் அடியில் செருகினார். மொழிபெயர்ப்பாளர் மட்டும் குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டார். அந்த அம்மா சொன்ன பதிலை அவர் நீதிபதிக்கு மொழிபெயர்க்கவில்லை. பக்கத்தில் நின்றதால் நான் கேட்டேன்.

“போன வெள்ளிக்கிழமை வந்து சொல்லிட்டுப் போனா ஐயா, ‘மஞ்சள் நூல் தீர்ந்துட்டுதும்மா, அக்கா வெள்ளை குடுத்தாங்க, முடிச்சிட்டேன்’னு.”

தீர்ப்புக்குப் பிறகு மெஷினை அக்காவுக்கும் ரவிக்கையை அம்மாவுக்கும் இரண்டு தனி வரிகளில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதற்கப்புறம் வேலையை விடும்வரை ஒரு வரியில் ஒரு பொருளுக்கு மேல் நான் எழுதியதுமில்லை, ஒப்படைத்த பொருளை இன்னொரு முறை அளந்து பார்த்ததுமில்லை.