வாண்டாவின் வலது கை

வாண்டா க்ருப்பா வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படித்தான். காப்பி ஊற்றுவது இடது கை. ஒருமுறை பாதிரியாருக்கு வலது கையால் கோப்பையை நீட்டினாள். தட்டில் கரண்டி அடித்துக்கொண்ட சத்தத்தில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். "விட்டா அது பாட்டுக்கு ஆடக் கிளம்பிடும்" என்பாள்.

ஓஹையோ ஆற்றங்கரையில், எஃகு ஆலை மூடிப்போன ஊரில், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். வயிற்றெரிச்சலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மஞ்சள் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பாட்டுக்கு முன் விழுங்கினாள். ஸ்டியரிங்கில் கை நடுங்கிய அன்று, யாரும் கேட்காமலே சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். மாத்திரையை நிறுத்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

அதே மாத்திரையால் உடம்பு கெட்டவர்கள் பல ஊர்களிலிருந்தும் சேர்ந்து கம்பெனிமேல் ஒரே வழக்காகப் போட்டிருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் சனிக்கிழமைகளில் வாண்டாவின் கூடத்தில் கூடுவார்கள். மாத்திரைக்கு முன்னால் நன்றாக இருந்தோம் என்று ஒவ்வொருவரும் காட்ட வேண்டும். பழைய வீடியோ இருந்தால் நல்லது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதனால் கூட்டம் என்பது படம் பார்ப்பதாகிவிட்டது. இன்று கழுத்து ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும் எர்ல், தங்கை கல்யாண வீடியோவில் போல்கா நடனம் ஆடுகிறான்.

"திருப்பிப் போடு, திருப்பிப் போடு. அந்தச் சட்டைய எந்த ஜன்னல் திரையிலேருந்து கிழிச்ச?"

"பொறாமை வாண்டா உனக்கு. பொண்ணுங்க வரிசையில நின்னாங்க."

"பாத்ரூம் வரிசைடா அது."

வாண்டாவிடம் ஒரு பெட்டி நிறைய கேசட் இருக்கிறது. எதிலும் அவள் இல்லை. கணவன் ஸ்டான் கேமராவைத் தொட்டால் படத்தில் எல்லோருக்கும் தலை வெட்டுப்படும். அதனால் படம் எடுத்தது எப்போதும் அவள்தான். கம்பெனியோ, நடுக்கம் அவள் அம்மாவுக்கும் இருந்தது, குடும்பச் சொத்து என்கிறது. "அம்மாவுக்குத் தொண்ணூறு வயசுல நடுங்கிச்சு. எனக்கு அம்பத்தஞ்சுல" என்று வாண்டா சொல்வதைக் காட்டப் படம் இல்லை. இல்லையென்றால் அவள் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். அதைச் சொல்லத்தான் வக்கீல் ப்ரெண்ட் ஹாலோவே அந்தச் சனிக்கிழமை நேரில் வந்தார். இளைஞர். வாண்டா வைத்த பியரோகிக் கொழுக்கட்டை மூன்று தின்றும் சொல்ல வாய் வரவில்லை.

"கடைசியா ஒண்ணு பாத்துட்டுப் போ தம்பி," என்றாள் வாண்டா. "ஸ்டான் இருக்காரு இதுல."

திரையில் பனி. மகள் தெரஸா சறுக்குப் பலகையில் சரிவில் இறங்குகிறாள். ஸ்டான் பின்னாலேயே ஓடி விழுகிறான். எழுந்து தொப்பியைத் தட்டிக்கொண்டு கேமராவை நேராகப் பார்க்கிறான்.

"வாண்டா, அத வெச்சுட்டு நீயும் வாயேன். ஒரு படத்துலயாவது இரு."

"நான் வந்தா யாரு பிடிக்கிறது? நீயா?" திரைக்கு வெளியே அவள் சிரிப்பு. ஸ்டானும் சிரிக்கிறான். அவன் செத்து ஒன்பது வருடம். திரையில் குழந்தை மறுபடி சரிவில் ஏற, படமும் கூடவே ஏறியது.

எர்ல் திரையைச் சுட்டிக் காட்டினான். "ஆடவே இல்லயே."

"யாரு?"

"படம். பனியில நடந்துக்கிட்டே எடுத்திருக்க. கொஞ்சங்கூட ஆடல பாரு."

ப்ரெண்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஸ்டாண்ட் ஏதாவது வெச்சிருந்தீங்களா, மிசஸ் க்ருப்பா?"

"பனியில ஸ்டாண்டத் தூக்கிட்டு மேடு ஏறவா? இந்தக் கைதான்."

"திருப்பிப் போடுங்க."

எர்ல் திருப்பிப் போட்டான். ஸ்டான் விழுந்தான், எழுந்தான், கூப்பிட்டான். படம் அலையில்லாத தண்ணீரில் போவதுபோல் போயிற்று. இந்த முறை வாண்டா ஸ்டானைப் பார்க்கவில்லை. திரையின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தொடைக்கு அடியிலிருந்து வலது கையை உருவி, எல்லோருக்கும் நடுவில், மேஜைமேல் வைத்தாள். கோப்பைத் தட்டில் கரண்டி அடித்துக்கொள்ளத் தொடங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.