சேமிக்கும் பெட்டியின் படம்

ஃபிளாப்பி என்ற பொருளே ஒழிந்துபோயிற்று. கணினியில் சேமிக்க அழுத்துகிற அதன் படம் மட்டும் ஒழிய மாட்டேன் என்கிறது. எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாலும் திரையின் ஓரத்தில் வந்து நிற்கிறது.

"லே, இத வரைஞ்சவன் யாரா இருக்கும்?" என்று கேட்டது அக்கா. பாளையங்கோட்டையில், கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் கணினிக் கடையில் அவளுக்கு வேலை. சேரன்மகாதேவியிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருவாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனாள். பெட்டி மறைந்து வெறும் கட்டங்கள்.

"கட்டம் கட்டமா நெரப்பியிருக்கான் பாரு. சேத்து வைக்குதத எப்படிலே வரைய முடியும்? அதான் வைக்குத பெட்டிய வரைஞ்சிட்டான். கெட்டிக்காரப் பய."

அதே போல அவளும் ஒரு பெட்டி வரைந்தாள். பக்கத்தில் தன் முகம். சடை, பொட்டு, பெரிய மூக்கு.

"மூக்கு இவ்வளவு பெரிசாக்கா?"

"ஒன் மூக்கப் பாத்து வரைஞ்சேம்ல."

இரண்டையும் ஒரு ஃபிளாப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆனிக் காற்றோடு அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆற்றில் புதுத் தண்ணீர் வருவதற்குள் அவள் இல்லை.

துக்க வருஷத்தில் பண்டிகை கிடையாது. மறு வருஷம் சரஸ்வதி பூஜைக்கு, என் புத்தகங்களோடு ஃபிளாப்பியையும் அம்மா அடுக்கினாள். மகள் வரைந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அந்தக் கடைப் பக்கம் போக மனசு வரவில்லை. அன்று தானாகச் சொன்னாள்: "விடிஞ்சா விஜயதசமி. நானும் கடைக்கு வாரேம்ல. காட்டு."

மறுநாள் கடைக்கார அண்ணாச்சி ஃபிளாப்பியைச் செருகினார். கரகரவென்று அரைத்தது. வெளியே எடுத்து, அதன் வாயை மூடும் தகட்டைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே அந்தக் கறுத்த வட்டத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"இங்கன யாரு பொட்டு வச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி. அவ வரைஞ்ச பெட்டியும் அவ மொகமும் இதுக்குள்ளதான் இருக்குன்னு இவன் சொன்னான். பூசையும் அதுவுமா வெறும் நெத்தியா எப்படி விடுவேன்?"

அண்ணாச்சி வேட்டி நுனியால் பையத் துடைத்து, மறுபடி செருகினார். அதே அரைப்பு; படம் வரவில்லை.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலே, ஓரத்தில் விரல் வைத்தாள்.

"இந்தா, இந்தப் பெட்டி. இது அவ வரைஞ்சதுதானலே?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கா," என்றாள். விரலை எடுக்கவில்லை.