கிண்டிக்கு அப்பால் ஐந்து கிலோ மஞ்சள்

காசிக்குப் போய் வந்தவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். சிங்கப்பூர் போய் வந்தவர்கள் படம் போடுகிறார்கள். நான் மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து கிண்டிக்கு அப்பால் இருக்கும் ஒரு மொத்த விற்பனைக் கடைக்குப் போய் வந்தேன். போக பதினொன்றரை கிலோமீட்டர், வர பதினொன்றரை. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், வருங்காலச் சம்பந்தியோடு ஒரே காரில் போனதில்லை என்று அர்த்தம்.

போகாதவர்களுக்காக ஒரு விளக்கம். அந்தக் கடைக்குள் நினைத்தவர் நினைத்தபடி நுழைய முடியாது. ஹோட்டல், கேன்டீன், மளிகைக்கடை என்று ஏதாவது தொழில் செய்பவருக்குத்தான் உறுப்பினர் கார்டு. ஒரு கார்டுக்கு ஒரு விருந்தாளியைக் கூட்டிப் போகலாம். கார்டு வைத்திருந்தவர் ஸ்டெல்லா டீச்சர். சாந்தோமில் வீடு, முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வேலை, ஓய்வுக்குப் பின் அடையாறில் எழுபது பெண்கள் தங்கும் விடுதி நடத்துகிறார். அவர் மகள் ஜெனியைத்தான் என் மகன் கார்த்திக் கட்டிக்கொள்வதாக இருந்தான்.

மூன்று மாதத்துக்கு முன் கல்யாணப் பேச்சுக்காக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். சர்ச்சில் கல்யாணம் என்றால் நான் வாசலிலேயே நிற்பேன் என்றேன். மண்டபத்தில் ஹோமம் என்றால் தனக்குப் புகையில் மூச்சு முட்டும் என்றார் அவர். தட்டில் இருந்த முறுக்கைத் தொடாமல் எழுந்து வந்தேன். அதோடு பேச்சு நின்றது. பிள்ளைகள் இருவரும் கூடிப் பேசி ஒரு தீர்ப்பு சொன்னார்கள்.

“காலையில சர்ச், சாயங்காலம் மண்டபம், புகை கிடையாது” என்றான் கார்த்திக். “ஆனா ஒரு கண்டிஷன். தாம்பூலப் பைக்கும் சமையலுக்கும் சாமான் வாங்க நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து போகணும். சண்டை போடாம திரும்பி வந்தா அன்னைக்கே மண்டபத்துக்கு அட்வான்ஸ். சண்டைன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ். ரெண்டு சாட்சி, ஆளுக்கு ஒரு டீ, முடிஞ்சுது.”

ஒரே பிள்ளை. அவன் கல்யாணம் ஆளுக்கு ஒரு டீயோடு முடியக் கூடாதென்று உடனே சரி என்றேன்.

காலை 9.10. வெள்ளிக்கிழமை. நான்கு மணி நேரம், நாற்பது கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு ரூபாய் என்று பேசி வாடகைக் கார் வந்தது. ஓட்டுநர் சேகர். “நீங்களும் வாங்களேன்” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். “நான் வந்தா மூணு பேர் சண்டையாயிடும்” என்று செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

9.35. மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பிரதட்சணம் செய்துவிட்டு சாந்தோம் வந்தோம். ஸ்டெல்லா டீச்சர் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் நான்காக மடித்த பட்டியல். “குட் மார்னிங் மேடம்” என்றார். “வாங்க டீச்சர்” என்றேன். திரு.வி.க. பாலம் வரை வேறு பேச்சில்லை. பாலத்தில், “இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி” என்றார். “ஆமா” என்றேன். சர்தார் படேல் சாலை முழுவதும் அந்த ஒரு ‘ஆமா’விலேயே ஓடியது.

இடையில் என் கவலை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். எங்கள் வீட்டில் கல்யாணச் சாமான் வாங்கினால் முதலில் மஞ்சளைத்தான் எடுப்போம். பட்டியலிலும் மஞ்சள்தான் முதல், பில்லிலும் மஞ்சள்தான் முதல். அப்போதுதான் மங்கலமாக ஆரம்பித்ததாகக் கணக்கு. ஆகவே பத்தரைக்குள் மஞ்சளைக் கையில் எடுத்துவிட வேண்டும். இதை டீச்சரிடம் சொன்னால் சிரிப்பாரோ என்று சொல்லவில்லை. சேகரிடம் மட்டும் மெதுவாக, “கொஞ்சம் வேகமா போப்பா” என்றேன்.

“முன்னாடி பாருமா, பஸ்ஸு நின்னுக்கினு கீது. அது மேல ஏறியா போவ முடியும்?” என்றார் அவர்.

10.19. கடை. அதைக் கடை என்பது தவறு, விமானத்தை நிறுத்தலாம். வாசலில் காவலர், மேஜை, பெரிய பதிவேடு. கார்டைப் பார்த்து டீச்சரை உள்ளே விட்டார். என்னை நிறுத்தினார். பெயர், முகவரி, கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் ‘உறவு’ என்று போட்டிருந்தது.

“இவங்க உங்களுக்கு என்ன வேணும் மேடம்?” என்று டீச்சரைக் கேட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்தது.

“தெரிஞ்சவங்கன்னு எழுதிக்குங்க” என்றார்.

என் புடவைத் தலைப்பில் ‘விருந்தாளி’ என்று ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்றால் ஆரத்தி எடுத்து உள்ளே அழைப்பதுதான் நான் கண்ட வழக்கம். ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பப்பட்ட முதல் மாப்பிள்ளை அம்மா நானாகத்தான் இருக்க வேண்டும். சுருக்கென்று இருந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை; மணி 10.26.

கட்டில் அளவு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். “மேடம், அரிசி இந்தப் பக்கம்!” என்று டீச்சர் கூப்பிட்டது காதில் விழுந்தது. பாத்திரம், பினாயில், நாய்க்கு பிஸ்கட் எல்லாம் தாண்டி மசாலாப் பகுதியைக் கண்டுபிடித்தபோது 10.29. விரலி மஞ்சள் இருந்தது. ஐந்து கிலோ மூட்டையாக மட்டும் இருந்தது. விலை 1,240 ரூபாய். யோசிக்க நேரமில்லை. முருகா என்று தூக்கி வண்டியில் போட்டேன்.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்தார் டீச்சர். மூட்டையைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எடையைப் படித்தார்.

“மேடம், இது எதுக்கு?”

“சுபகாரியம்னா மஞ்சள்லதான் ஆரம்பிக்கணும், டீச்சர்.”

“ஆரம்பிங்க. நான் வேணாம்னா சொல்றேன்? ஆரம்பமே அஞ்சு கிலோவா?”

நாக்கு நுனி வரை பதில் வந்தது. ஆளுக்கு ஒரு டீ என்பதை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த தேசத்தைச் சுற்றிப் பார்த்தோம். அங்கே எதுவும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. சோப்பு என்றால் இருபத்து நான்கு. பாத்திரம் தேய்க்கும் கம்பி என்றால் ஒரு சரம். பச்சைப் பட்டாணி உறைந்துபோய் ஐந்து கிலோ. டீச்சருக்குப் பிடித்த இடங்கள் என்று நான்கைந்து உண்டு. அங்கே மட்டும்தான் நின்றார். ஒரே கட்டில் நூறு வரும் குப்பைப் பைகளை, “இது இருந்தா எட்டு மாசம் நிம்மதி” என்று தடவிக்கொடுத்தார். கழிப்பறை கழுவும் திரவம் ஐந்து லிட்டர் கேன் 410 ரூபாய். விடுதிக்காக அதில் இரண்டு எடுத்து வண்டியின் முன்பக்கம் வைத்தார். நான் முழு முந்திரி கிலோ 880 ரூபாய்க்குக் கிடப்பதைப் பார்த்து மனசு தாங்காமல் மூன்று எடுத்தேன். கற்கண்டு, குங்குமம், நானூறு தாம்பூலப் பை, சர்க்கரை. பிறகு எதற்கென்றே தெரியாமல் பன்னிரண்டு ஜோடி வெள்ளை சாக்ஸ். எங்கள் வீட்டில் யாரும் ஷூ போடுவதில்லை. ஆனால் அந்த இடத்தில் அந்த விலைக்கு அதை விட்டுவிட்டு வருவது பாவம் என்று தோன்றியது.

11.20. பட்டியல் முடிந்தது. டீச்சர் பில் போடும் பக்கம் வண்டியைத் திருப்பினார். ராகு காலத்தில் எப்படிப் பில் போடுவது? “டீச்சர், இந்த ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் பாத்துக்கறேனே” என்றேன். ஏழு ஃப்ரிட்ஜ்களின் கதவைத் திறந்து திறந்து மூடினேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் விளக்கக் குறிப்பை இரண்டு மொழியில் படித்தேன். பக்கத்தில் நின்ற டீச்சருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

11.40. குளிர்பதனப் பகுதி. தொப்பி போட்ட ஒரு பெண் சின்னத் தட்டை நீட்டினாள். சூடான கோழித் துண்டு, பல்குச்சி குத்தியது. “சிக்கன் டேஸ்ட் பண்ணிப் பாருங்க ஆன்ட்டி, இலவசம்தான்.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைம்மா” என்றேன்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைம்மா” என்றார் டீச்சர்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம்.

“நீங்க எதுக்கு?” என்றேன்.

“சின்ன வயசுலேர்ந்து வெள்ளிக்கிழமை எங்க வீட்ல கறி கிடையாது. ஆண்டவர் பாடுபட்ட நாள். நீங்க?”

“எங்களுக்கு அம்மன் நாள்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அந்தப் பெண் பயந்துபோய், “பன்னீர் இருக்கு ஆன்ட்டி” என்று அடுத்த தட்டைத் திறந்தாள். ஆளுக்கு நான்கு துண்டு தின்றோம். ஐந்தாவதை எடுக்கப் போனபோது டீச்சர் என் கையை லேசாகத் தட்டி, “போதும், பாவம் அந்தப் பொண்ணு” என்றார். மூன்று மாதத்தில் அவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

12.04. பில் வரிசை. நிம்மதியாக வண்டியை நிறுத்தினேன். கல்லாவில் இருந்த பெண் கையில் ஒரு துப்பாக்கி போன்ற கருவி. வண்டியில் இருந்தபடியே ஒவ்வொன்றின் மேலும் சுடுகிறாள், கணக்கு ஏறுகிறது. நான் மஞ்சள் மூட்டையை இரண்டு கையாலும் தூக்குவதற்குள் அவள் சுட ஆரம்பித்துவிட்டாள். திரையைப் பார்த்தேன். முதல் வரி: கழிப்பறை கழுவும் திரவம், ஐந்து லிட்டர், இரண்டு.

என் மகன் கல்யாணத்தின் முதல் வரி.

சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. சொன்னால் சண்டை. முப்பது நாற்பது சாமானை அவள் சுட்டு முடிக்கும்வரை மஞ்சள் மூட்டையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றேன். கண் நிறைந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, ஐம்பத்தெட்டு வயதில் பொதுக் கடையில் யாராவது இதற்கு அழுவார்களா?

“என்ன ஆச்சு?” என்றார் டீச்சர்.

“ஒண்ணுமில்ல.”

“என் ஹாஸ்டல்ல எழுபது பொண்ணுங்க தினம் ஒண்ணுமில்லன்னு சொல்லுது. எல்லாத்துக்கும் ஏதோ இருக்கு. சொல்லுங்க.”

சொன்னேன். மஞ்சள், பத்தரை மணி, ராகு காலம், ஏழு ஃப்ரிட்ஜ், எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் திரையைப் பார்த்தார். “மாதாவே!” என்று நெற்றியில் கை வைத்தார். பிறகு கல்லாப் பெண்ணிடம் திரும்பினார்.

“பில்லை கேன்சல் பண்ணும்மா.”

“மேடம், நாப்பத்தோரு ஐட்டம்! சூப்பர்வைசர்தான் வரணும்.”

“வரட்டும். நிக்கறோம்.”

எங்களுக்குப் பின்னால் பன்னிரண்டு எண்ணெய் டின்னோடு ஒருவர். சிந்தாதிரிப்பேட்டையில் பிரியாணிக் கடை வைத்திருப்பதாக ஏற்கெனவே யாரிடமோ செல்போனில் கத்திக்கொண்டிருந்தவர். “இன்னாமா இது, முடிஞ்சுதுன்னு பாத்தா மறுக்கா மொதல்லேர்ந்தா? கட தொறக்கணும், அங்க ஆளு நின்னுக்கினு கீறான்!”

டீச்சர் வகுப்பறைக் குரலில் சொன்னார்: “கல்யாண சாமான் சார். மஞ்சள்ல ஆரம்பிக்கணும். இது கக்கூஸ் கழுவற மருந்துல ஆரம்பிச்சிடுச்சு.”

அவர் முகம் மாறியது. “அடக் கடவுளே, அத மொதல்லயே சொல்லக் கூடாதா? எம்மா பொண்ணு, அழிம்மா அத! மஞ்சள போடு மொதல்ல!” என்று எங்களைவிட அவர் அதிகம் பதறினார். சூப்பர்வைசர் வரத் தாமதமானதும், அவரே போய் கையோடு கூட்டிவந்தார்.

12.31. புதிய பில். நான் மஞ்சளை நீட்டினேன், சுட்டாள். முதல் வரி மஞ்சள். பிரியாணிக் கடைக்காரர் கை தட்டினார். டீச்சர் இரண்டு கேனையும் தூக்கிக் கீழே வைத்து, “இது தனி பில். கல்யாணத்தோட சேர வேணாம்” என்றார். அவர் புடவை மடிப்பில் ஒரு நூல் தொங்கியது. அதை எடுத்துவிட்டேன்.

வெளியே வரும் வாசலில் காவலர் பில்லில் ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டுப் பதிவேட்டை நீட்டினார், வெளியேறும் நேரம் எழுத. டீச்சர் பேனாவை வாங்கி நேரத்தை எழுதினார். பிறகு ‘தெரிஞ்சவங்க’ என்பதை ஒரு கோட்டில் அடித்து, மேலே ‘சம்பந்தி’ என்று எழுதினார்.

“மேடம், ரிஜிஸ்டர்ல அடிக்கக் கூடாது!”

“தப்பா இருந்தா திருத்தணும்ப்பா. முப்பத்திரண்டு வருஷமா அதுதான் வேலை” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

1.05. காரின் பின்பக்கம் மூட மறுத்தது. “இன்னாமா, கடைய அப்படியே தூக்கினு வந்துட்டீங்களா?” என்றார் சேகர். சாக்ஸில் இரண்டு ஜோடி கொடுத்ததும் மூடிவிட்டது. போகும்போது மொத்தம் ஒரு ‘ஆமா’ பேசிய நாங்கள், வரும்போது சாந்தோம் வந்ததுகூடத் தெரியாமல் பேசினோம். அவர் வீட்டுத் தராசில் மஞ்சளைப் பாதியாகப் பிரித்தோம். முறுக்குத் தட்டு வந்தது. இரண்டு தின்றேன். உப்பு கொஞ்சம் தூக்கல். அதை இங்கே எழுதுகிறேனே தவிர அங்கே சொல்லவில்லை. அன்று மாலையே மண்டபத்துக்கு அட்வான்ஸ் போனது.

எங்கள் தெருமுனை மளிகைக்கடையில் ஐம்பது கிராம் மஞ்சள் கேட்டால் பொட்டலம் கட்டிக்கொண்டே, “பையன் எப்படி இருக்கான்?” என்று கேட்பார்கள். அந்தப் பெரிய கடையில் யாரும் எதையும் கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, கூடப் போகிறவரோடு பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

கல்யாணம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. நேற்றுக் காலை டீச்சர் போன் செய்தார்.

“சம்பந்தி, மஞ்சள் எவ்வளவு இருக்கு?”

அடுக்களைத் தட்டைப் பார்த்தேன். டப்பா மூட முடியாமல் இரண்டு கிலோவுக்கு மேல் கிடந்தது.

“தீந்துபோச்சு டீச்சர்” என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. “எனக்கும்தான் தீந்துபோச்சு” என்றார். “வெள்ளிக்கிழமை போலாமா? எட்டரைக்கே கிளம்பிடணும். பத்தரைக்கு ராகு காலம்.”