மரக்காலைக்கு வைத்த கையெழுத்து

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த வருடத்தில்தான் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் அப்படியே சரிந்துவிட்டார். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருந்த எவரிடமும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பக்கத்து வளவுக்காரர்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருந்த டீசலைத் தன் லான்ட்மாஸ்டர் உழவு மெசினுக்குள் ஊற்றி, பின்பெட்டியில் மெத்தையை விரித்து, அவரை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கொஞ்சம் பிந்தியிருந்தாலும் ஆள் தப்பியிருக்காது என்றார் டொக்டர். இடது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போனது. ஆனாலும் உயிரோடு வீடு திரும்பினார்.

அடுத்த வருடம் அந்தப் பக்கத்து வளவுக்காரர் ஒரு கட்டுப் படிவங்களோடு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். தோட்டம் கைகொடுக்கவில்லை, வளவுக்குள் மரம் அரிந்து விற்கிற மரக்காலை போடப் போகிறேன் என்றார்.

"வேம்பு, பூவரசு, பாலை, பனை. எங்கடை நாட்டு மரம் மட்டுந்தான் அக்கா அரிவன். அதுக்கும் பதியவேணுமாம். எனக்கு இந்த எழுத்து வேலை சரிவராது. நீங்கள் நிரப்பித் தருவியளோ?"

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் நெடுங்காலம் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தவள். சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு நிரப்பினேன். காணியின் எல்லை, வாளின் அளவு, மரம் எங்கிருந்து வரும், மரத்தூள் எங்கே போகும். கடைசித் தாளில் அயல் காணிக்காரரின் சம்மதம் கேட்டிருந்தது. அவருடைய கிழக்கெல்லை, எனக்குச் சீதனமாக வந்த இந்தக் காணி. சத்தத்தாலோ தூசியாலோ இடைஞ்சல் இல்லை, ஆட்சேபனையும் இல்லை என்று நானே எழுதி நானே கையெழுத்து வைத்தேன். யோசிக்காமல் வைத்தேன் என்றால் பொய். எதிரே இருந்தவரின் கைகளைப் பார்த்தேன். அந்தக் கைகள்தான் என்ரை இவரைக் கிணற்றடி நிலத்திலிருந்து தூக்கியவை. வேறு எதை எழுதுவது?

அரசாங்கக் கந்தோருக்கும் வீட்டுக்குமாக அவர் பல மாதம் அலைந்த பிறகு பதிவு கிடைத்தது. வாள் ஓடத் தொடங்கியது.

மரத்துக்குள் இறங்கும்போது வாள் சீறும். மரத்தின் நடு வைரத்தில் பட்டதும் கீச்சென்று உயரும். பாலை மரமென்றால் அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கும். ஒவ்வொரு முறையும் இவர் திடுக்கிட்டு, நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். யன்னல்களைச் சாத்தினேன். கொடியில் போட்ட உடுப்பில் தூள், சோற்றுப் பானை மூடியில் தூள். சாத்திய வீட்டுக்குள் வெக்கையில் இருவரும் வியர்த்தபடி பின்னேரம் வரை கிடந்தோம்.

முன்வீட்டு வாத்தியார் ஒருநாள் படலையடிக்கு வந்தார்.

"இந்த வாள் சத்தத்துக்கு எதிரா ஒரு மனு எழுதுவம் தங்கச்சி. எல்லைக்காரி நீர் கையெழுத்து வைச்சால்தான் எடுபடும்."

"யோசிச்சுச் சொல்லுறன் மாஸ்டர்."

நான் சொல்லவே இல்லை. அதன்பின் அவர் என்னோடு கதைப்பதில்லை.

பதிவைப் புதுப்பிக்கும் காலம் வர, அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். எங்கள் முற்றத்தில் நின்று கோப்பை விரித்தார். உள்ளே என் கையெழுத்து வரிவரியாகத் தெரிந்தது.

"இடைஞ்சல் ஏதும் இருக்கோ அம்மா?"

நான் வாயைத் திறக்கமுன் பக்கத்து வளவுக்காரர் சிரித்தார். "அக்காவைக் கேக்கவே தேவையில்லை சேர். படிவத்தை நிரப்பினதே அவதான்."

அதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. நன்றியோடுதான் சொன்னார்.

"இல்லை," என்றேன்.

அன்றைக்கு இவரிடம் கேட்டேன். "மத்தியானத்திலை ரெண்டு மணித்தியாலம் எண்டாலும் நிப்பாட்டச் சொல்லி அவரைக் கேக்கட்டோ?"

"வே...ண்டாம்," என்றார். "அவன் இல்லாட்டி..." மிச்சத்தைச் சொல்ல முடியாமல் தலையை ஆட்டினார்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் இவருக்குச் சொல்லாமலே வேலியைச் சுற்றிப் போனேன். என்னைக் கண்டதும் அவர் வாளை நிறுத்தி, கதிரையிலிருந்த தூளைத் தட்டிவிட்டார்.

"நானே வர இருந்தனான் அக்கா. இஞ்சை பாருங்கோ." ஒரு நீளமான வேப்பஞ்சட்டத்தைக் காட்டினார். உரஞ்சி உரஞ்சி மழமழப்பாக்கி வைத்திருந்தது. "விறாந்தைச் சுவரோடை பூட்டிவிட்டால் அண்ணை பிடிச்சு நடக்கலாம். சரிதானே?"

"ஓம்," என்றேன். சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

சட்டத்தை அவரே வந்து பூட்டினார். இவர் அதைப் பிடித்து முதல்நாள் நான்கு அடி வைத்தார். இப்போது விறாந்தையின் மறு தொங்கல் வரை போய் வருகிறார். நடக்கும்போது வாள் சத்தம் எழுந்தால் நின்றுவிடுவார். அடங்கியதும் அடுத்த அடி.

மாதத்தில் ஒருநாள் இவருக்கு மருந்தெடுக்க மானிப்பாய்க்குப் போகிறேன். மருந்து கைக்கு வந்த பிறகும், வாள் சத்தம் எட்டாத பஸ் தரிப்பில் இருந்துகொண்டு ஒரு பஸ்ஸைப் போகவிடுவேன். சில நாளில் இரண்டு. பிறகு, சாத்திய வீட்டுக்குள் இவர் தனியே என்ற நினைப்பு வரும். அடுத்ததில் ஏறிவிடுவேன்.