குப்புசாமி மறைத்த உதை

ஜொகூர் பாருவில் ரேஸ் கிளப்பில் கணக்கெழுதும் கிராணியாக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் காலை, பந்தய மைதானமே கண்ணுக்குத் தெரியவில்லை. நீரிணையிலிருந்து ஏறிய பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. எங்கோ குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று ஒரு குதிரையின் தலை அந்த வெண்மைக்குள்ளிருந்து மிதந்து வந்து, மறுபடி கரைந்துபோனது. விழித்திருக்கிறேனா என்றே எனக்குச் சந்தேகம்.

அன்று கிடைத்த முதல் வேலை ஆஸ்பத்திரிக்குப் போவது. குதிரைக்காரர் குப்புசாமி முழங்கால் நொறுங்கிக் கிடந்தார். ஜாக்கியோ குதிரைக்காரரோ வேலையில் அடிபட்டால், கிளப்பின் ரிலீஃப் ஃபண்டிலிருந்து குடும்பத்துக்கு உதவி உண்டு. குதிரை உதைத்தது என்று அவர் வாயால் சொன்னால் போதும்.

"என்ன நடந்தது? உள்ளதைச் சொல்லுங்கோ."

"குதிரை ஒதைக்கலீங்க, கிராணி ஐயா. பாசாருக்கு மீன் வாங்கப் போற வழியில வழுக்கி விழுந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றாருங்க! ஒதைச்ச குதிரைய சுட்டுருவாங்களாம். அதுக்குப் பாவம் பாக்குறாரு. வீட்டுல அரிசி இல்ல, புள்ளைங்களுக்கு யாரு பாவம் பாக்குறது?"

குப்புசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கடல் அசையாமல் கிடந்தது.

"அது கப்பல்லேருந்து எறங்குன அன்னிலேருந்து நான்தானுங்க பாத்துக்கிட்டேன்," என்றார் மெல்ல. "இடி இடிச்சதுல மெரண்டு போச்சு. அது மேல தப்பில்லீங்க."

திரும்பும் வழியெல்லாம் குழம்பினேன். கிளப் செயலாளரான வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னால் குதிரை போகும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் பட்டினி. கடைசியில் உதையையும் இடியையும் சேர்த்தே சொன்னேன். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். முன்பு ரப்பர் தோட்டத்தில் மானேஜராக இருந்தவர், தமிழ் பேசுவார்.

"குப்புசாமி, குதிரையை சுட மாட்டேன். நெசம் சொல்லு."

குப்புசாமி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அழுதுகொண்டே, "ஒதைச்சுதுங்க, துரை," என்றார்.

அந்த வாரமே அஞ்சலைக்கு ஃபண்டிலிருந்து உதவி போனது. குப்புசாமியின் கால் முழுதாக நேராகவில்லை. ஆனாலும் கமிட்டி அவரை லாயத்திலேயே தீவனம் அளக்கும் வேலையில் வைத்துக்கொண்டது. அவர் நொண்டிக்கொண்டு வரும்போது அவரை உதைத்த அந்தச் செந்நிறக் குதிரை கதவுக்கு மேல் தலையை நீட்டி, தூக்கத்தில் இருப்பதுபோல் கண் சொருகி, அவர் தோளை முகர்ந்தபடி நிற்கும்.

பிற்பாடு அந்த ஃபண்டை நானே பல வருஷம் கவனித்தேன். கஷ்டப்பட்டு வருபவர்களிடம், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்கப் பழகினேன். பயம் நீங்கியதும் மற்றதையெல்லாம் அவர்களே சொன்னார்கள்.