இடக்கைக்கு ஒரு கையுறை

1986 ஒக்ரோபர் 17, வெள்ளிக்கிழமை. அண்ணர் வழமைபோல நாலரைக்கு எழுந்து, எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, பாண் சுடும் தொழிற்சாலைக்குப் புறப்பட மோட்டார் சைக்கிளை இயக்கினார். குளிரில் அதன் கிளச் கலகலவென்று சத்தமிட்டது. விரைவில் சூடேறட்டும் என்று கைப்பிடியை முறுக்கினார், சத்தம் கூடியது. எங்களுக்குக் கீழே, பேஸ்மென்ற் ஜன்னலில் வெளிச்சம் வந்தது.

கைக்குழந்தையோடு அங்கே குடியிருந்த மன்னார் ஊர்ச் சகோதரி வெளியே வந்தார்.

“அண்ணை, என்ர பிள்ளைக்குக் கிலுகிலுப்பை இருக்கு. உது வேண்டாம்.”

“சூடேறினால் அடங்கிடும், தங்கச்சி.”

“உதுக்கு ஏற முந்தி எனக்கெல்லோ ஏறுது! நாளைக்கும் கேட்டால் வீட்டுக்காரரிட்டைச் சொல்லிப்போடுவன்.”

இன்னொரு முறைப்பாடு வந்தால் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்த விடமாட்டேன் என்று வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் இருந்த அஜின்கோர்ட்டிலிருந்து அந்த நேரத்தில் பஸ் இல்லை. ஊரில் அண்ணியும் பிள்ளைகளும் அந்த வேலையை நம்பியே இருந்தார்கள்.

பருத்தித்துறையில் பிறந்து, இளவயதில் தந்தையை இழந்து, எங்களை வளர்த்தவர் அண்ணர். எண்பத்து மூன்று கலவரத்தின் பின் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து என்னையும் அழைத்தார். எவரிடமும் அவர் குரலுயர்த்தியதில்லை. அன்று மாலை, இயந்திரம் குளிர்ந்தபின், தெரு முனைக்கு உருட்டிச் சென்று இயக்கிப் பார்த்தார்.

“கிளச்சைப் பிடிச்சால் வாய் மூடுது, விட்டால் கத்துது. கண்டியோ?” என்று சிரித்தார்.

மெக்கானிக்கும் பார்த்து, ஆபத்தில்லை என்றார். மறுநாள் முதல், சூடேறும்வரை அண்ணர் வலக்கையைச் சட்டைப்பைக்குள் விட்டு, இடக்கையால் கிளச்சை இறுக்கிப் பிடித்தபடி விறைத்து நிற்பார். ஜன்னல் இருட்டாகவே இருந்தது. அடுத்த மாதம் அந்தச் சகோதரி கம்பளிக் கையுறை ஒன்று கொண்டுவந்தார்.

“இடக்கைக்கு மட்டுந்தான் பின்னினனான், அண்ணை. வலக்கை சும்மாதானே நிக்குது!”

அடுத்த ஆண்டு கோடையில் அண்ணியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்ததை அண்ணர் கண்ணாரக் கண்டார். அந்த ஒக்ரோபரில் இதயநோய் அவரைக் கொண்டுபோயிற்று. பராமரித்த தாதியருக்கும், முப்பத்தொரு நாளும் சோறு கறி கொண்டுவந்த அயலவருக்கும், தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மறுநாள் காலை, பற்றறி பழுதாகாமலிருக்க, முதல் வேலையாக அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை இயக்கினேன். அவரைப் போலவே கிளச்சைப் பிடித்துக்கொண்டேன். பேஸ்மென்ற் ஜன்னல் திறந்தது.

“சின்னண்ணை, இண்டைக்குக் கையை விடுங்கோ. பிள்ளையும் கேக்கட்டும்.”

விட்டேன்.