பதினாறு சென்டிமீட்டர் ஆழம்

துப்பாக்கிக் குண்டு எவ்வளவு ஆழம் இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவளுக்கு வேலை. தடய ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடம். கூட வேலை செய்கிறவர்கள் 'சென்டிமீட்டர் அக்கா' என்பார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு கோபப்படவும் தெம்பில்லை. முன்பெல்லாம் சதையைப் போன்ற ஜெலட்டின் கட்டி வார்த்து, அதில் சுட்டுப் பார்ப்பார்கள். கட்டியைக் குளிரவைக்கும் பெட்டி கெட்டு ஒன்றரை வருடமாயிற்று. புதிது கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இப்போது குண்டின் எடை, குறுக்களவு, வேகம் மூன்றையும் வைத்துக் காகிதத்திலேயே முடிவு.

அந்த வாரம் வந்தது ஒரு காவலாளியின் வழக்கு. ஓர் அலுவலகத்தில் அவர் ரிவால்வரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்ததில், துப்புரவு வேலை செய்யும் அம்மாள் இறந்துபோனார். கதவு மூடியிருந்தது, குண்டு அதைத் துளைத்துக்கொண்டு போனது, அந்தப் பக்கம் ஆள் இருந்ததே தெரியாது என்றார் காவலாளி. முந்தின வாரம்தான் இருவருக்கும் ஒரு சாவியை வைத்து வாய்த்தகராறு. அதனால் போலீஸ் நம்பவில்லை. அந்தக் கதவையோ, ரத்தம் பட்டுவிட்டதென்று அலுவலகத்தார் அன்றே கழற்றி எங்கோ போட்டுவிட்டார்கள்; போலீஸ் அதைத் தேடவில்லை. பக்கத்து அறைக் கதவை அளந்து, 'கெட்டி மரம், ஒன்றரை அங்குலம்' என்று கோப்பில் எழுதியிருந்தார் ஏட்டு.

கெட்டி மரத்தைத் தாண்டினால் அந்தப் பழைய ரிவால்வரின் குண்டு உடம்புக்குள் ஐந்து சென்டிமீட்டர் போவதே அதிகம். எடுத்ததோ பதினாறு சென்டிமீட்டர் ஆழத்தில். நடுவில் கதவு இருந்திருக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காவலாளி மேல் கொலை வழக்கு உறுதியாயிற்று.

நாலு நாள் கழித்து, காலையில் குளியலறைக்குள் போன கணவர் வெளியே வருகிற வழியாயில்லை. கதவைத் தட்டினாள். 'டொப் டொப்' என்று வெறும் டப்பா மாதிரிச் சத்தம். பார்வைக்குக் கெட்டிக் கதவு; உள்ளே காலி. தட்டிய கை அப்படியே நின்றது. "வர்றேன், வர்றேன்" என்று உள்ளிருந்து அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

அன்றே விடுப்பெழுதிவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள். பின்புறம், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது பழைய கதவு. இரண்டு மெல்லிய பலகை, நடுவில் அட்டை. மார்பளவு உயரத்தில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி மரச்சிலும்பு முழுக்க அந்த அம்மாள் நின்ற பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. கதவின் மேலேயே தாளை வைத்துக் கணக்குப் போட்டாள். பதினாறுக்குப் பக்கத்தில் வந்தது.

மேலதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "கையெழுத்துப் போட்ட அறிக்கைம்மா. இப்ப மாத்தினா யாருக்கு அசிங்கம்?"

"எனக்குத்தான் சார். பாக்காத கதவுக்குக் கணக்குப் போட்டது நான்தானே."

நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் முக்கால் மணி நேரம் அவளை வறுத்தெடுத்தார். இரண்டு அறிக்கையில் எது பொய் என்று கேட்டார். முதலாவது பொய்யில்லை, தப்பு என்றாள். கால் மரத்துப்போயிருந்தது. கொலைக் குற்றம் நிற்கவில்லை. கவனக்குறைவுக்காகக் காவலாளிக்கு இரண்டு வருடம் கிடைத்தது.

தீர்ப்பன்று, இறந்த அம்மாளின் மகள் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினாள்.

"அப்ப அவர் வேணும்னு சுடலையா?"

"இல்லம்மா. மூடின கதவைத் தாண்டித்தான் வந்திருக்கு."

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேணும்னு சுட்டிருந்தா, திட்டித் தீர்க்கவாவது ஒரு ஆள் இருந்திருக்கும்."

அங்கிருந்த பெஞ்சில் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து அழைத்துப்போன பிறகுதான் எழுந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலை சாய்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது. இறங்கி நடந்தே வந்தாள்.